முதல் விருந்தாளியின் கேள்வி

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. அடுப்புப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். முட்டி போட வேண்டாம், காலை நீட்டிக்கொண்டே உட்காரலாம். என் வீட்டில் இப்போது யாரும் யாரையும் திருத்துவதில்லை. கிண்ணத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்றும் யோசிக்காதீர்கள். சூடு ஆறுவதற்குள் குடித்தால் போதும். நீங்கள் குடியுங்கள், நான் ஒரு கதை சொல்கிறேன். கட்டிச் சொல்கிற கதை இல்லை. நான் செய்த ஒரு காரியம். பொறுமையாகக் கேட்டால் அதில் இருக்கும் நியாயம் உங்களுக்கே புரியும்.

எங்கள் மட்சுயே ஊரில் காலை பத்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் பச்சைத் தேயிலைப் பொடியைக் கடைந்து குடிக்காத வீடு கிடையாது. மீன்காரரும் குடிப்பார், பல் டாக்டரும் குடிப்பார். அதற்கு முறை என்று ஒன்றும் இல்லை. சமையலறையில் நின்றபடியே கடைந்து குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். ஆனால் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் தேநீருக்கென்று தனி அறை, அந்த அறைக்கென்று தனித் தோட்டம். என் மாமியாரிடம் முறை கற்றுக்கொள்ளப் பாதி ஊர் வந்துபோனது. அங்கே ஒரு கிண்ணம் தேநீர் என்றால் அரை நாள் வேலை.

என் பெயர் கினுகோ. கணவர் தெட்சுரோ வாயில்லாத மனிதர். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவருக்கு ஒரு அக்கா இருந்தார், ரிட்சு. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பக்கத்துத் தெருவில்தான் அவர் புகுந்த வீடு. கல்யாணமாகிப் போனவர் மாதிரியா இருந்தார்? காலையில் வந்தால் விளக்கு வைக்கும்போதுதான் போவார். தேநீர் முறையில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை என்பார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

வாய் மட்டும் கொஞ்சம் கூர்மை. இடுப்பில் செருகியிருக்கும் பட்டுத் துணியை எடுத்து, மடித்து, தேயிலைப் பொடி இருக்கும் சிமிழைத் துடைக்க வேண்டும், பாருங்கள், அதை நான் செய்யும்போது எல்லோர் முன்னாலும் சொல்வார்:

"ஏன் கினு, துணிய மடிக்கிறியா, மீன் தொடைக்கிறியா? சிமிழுக்கு மூச்சு முட்டுது பாரு."

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் மேல் அவருக்கு வன்மம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது பொய்.

எனக்கு ஒரு பெண் குழந்தை இருந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயது வரவில்லை. வருஷத்தின் முதல் தேநீர் நாள் அன்று அவளுக்குக் காய்ச்சல் நெருப்பாக அடித்தது. மாமியார் அறைக்குள் விருந்தாளிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பின்னறையில் மற்றவர்களுக்கான கிண்ணங்களைக் கடைந்து கடைந்து அனுப்பிக்கொண்டிருந்தேன். டாக்டர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். குழந்தையின் பக்கத்தில் ரிட்சு அண்ணி உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதால்தான் நான் நிம்மதியாகக் கடைந்துகொண்டிருந்தேன்.

விருந்து முடிந்து, எல்லோரும் தோட்ட வாசலில் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். நான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணி எனக்குப் பின்னால் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"கினு, விருந்தாளிங்க எல்லாம் போயாச்சு. இப்ப வா."

இவ்வளவுதான் சொன்னார். போய்ப் பார்த்தேன். குழந்தையின் கை சில்லென்று இருந்தது. இப்போதுதான் சில்லிட்ட கை இல்லை அது. எனக்குத் தெரியும், நான் அவளுடைய அம்மா. உள்ளே தேநீர் நடந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் அண்ணி இழுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். தேநீர் நடக்கும்போது குறுக்கே போகக் கூடாது. அது முறை. அந்த முறையை நானும் ஏற்றுக்கொண்டவள்தான். அதனால் எதுவும் சொல்லவில்லை.

கோயிலில் குழந்தைக்கு வேறு பெயர் கொடுத்தார்கள். இறந்தவர்களுக்குப் புதுப்பெயர் வைத்துப் பலகையில் எழுதிப் புத்தர் மாடத்தில் வைப்பதுதானே எங்கள் வழக்கம். நல்ல பெயர்தான், நீளமான பெயர். நான் வைத்த பெயர் இல்லை. நான் வைத்த பெயரை அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. மாமியார் சொல்லவில்லை, கணவர் சொல்லவில்லை. நானாக ஒரு தடவை சாப்பாட்டு நேரத்தில் அவள் பேச்சை எடுக்கப் பார்த்தேன். "சூப்பு ஆறிடும், சிப்பிய மொதல்ல எடுத்துச் சாப்பிடு," என்றார் கணவர். துக்கத்தைக் கிளறாமல் இருப்பதுதான் அன்பு என்று எங்கள் ஆட்களுக்கு நினைப்பு. ஊமை கண்ட கனவு மாதிரி அந்தப் பெயர் எனக்குள்ளேயே கிடந்தது.

மாமியார் காலமான பிறகு தேநீர் அறை என் பொறுப்புக்கு வந்தது. அந்தச் சமயத்தில் குழந்தை படுத்திருந்த அறையின் கூரையை மாற்றினார்கள். அடுப்புப் புகை பட்டுப் பட்டுக் கருஞ்சிவப்பு ஏறிய பழைய மூங்கில்களைக் கீழே இறக்கினார்கள். அப்படிப்பட்ட மூங்கிலுக்கு எங்கள் ஆட்கள் ஆலாய்ப் பறப்பார்கள். அவள் தலைக்கு நேர் மேலே இருந்த துண்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதிலிருந்து ஒரு கரண்டி செதுக்கினேன். தேயிலைப் பொடியைச் சிமிழிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் போடுகிற கரண்டி, சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. ஆவியில் காட்டி நுனியை வளைத்து, கத்தியால் சீவிச் சீவி, ஒரு குளிர்காலம் முழுக்க அதே வேலையாக இருந்தேன். இந்த மாதிரிக் கரண்டிக்கு ஒரு பெயர் வைப்பது எங்கள் முறை; அதற்கு என் குழந்தையின் பெயரை வைத்தேன்.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். தேநீர் கொடுத்து முடித்ததும், முதல் விருந்தாளி சிமிழையும் கரண்டியையும் பார்க்கக் கேட்பார். விருந்தளிப்பவர் எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். எல்லோரும் கையிலெடுத்துப் பார்த்த பிறகு திரும்பி வந்து உட்கார வேண்டும். அப்போது முதல் விருந்தாளி கேள்வி கேட்பார். சிமிழ் என்ன வடிவம்? அரக்குப் பூச்சு யார் வேலை? கரண்டி யார் செய்தது? கடைசியில், கரண்டியின் பெயர் என்ன? கேட்டால் சொல்லலாம். கேட்காததைச் சொல்லக் கூடாது; சொன்னால் அது பீற்றல். மற்ற விருந்தாளிகளும் கேட்க முடியாது. முதல் விருந்தாளியின் வாய்தான் எல்லோருக்கும் வாய்.

எங்கள் வீட்டில் முதல் விருந்தாளி எப்போதும் ரிட்சு அண்ணி.

அந்தக் கரண்டியை முதன்முதலாக வைத்த அன்று காலையிலிருந்தே பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் எல்லோர் காதிலும் விழ, என் வாயால், என் குழந்தையின் பெயரைச் சொல்லப் போகிறேன். வெளியாட்களுக்கு அது ஒரு கரண்டியின் பெயர்தான். அண்ணிக்குத் தெரியும். எனக்கு அவ்வளவு போதும் என்று இருந்தது.

சிமிழைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். கரண்டி யார் செய்தது என்றார். நான்தான் என்றேன். வரிசையில் இருந்தவர்கள் ஆச்சரியமாக நிமிர்ந்தார்கள். அண்ணி கரண்டியை மறுபடி பார்த்தார். எந்த மூங்கில் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது, அந்தக் கூரையின் கீழ் பிறந்து வளர்ந்தவர். பிறகு கையை ஊன்றி வணங்கி, காட்டியதற்கு நன்றி என்று சொல்லி, அன்று வைத்திருந்த பூவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

வீதி முனை வரை வந்த தேர் நம் வீட்டு வாசலுக்கு வராமலே திரும்பிப் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கடைசி இடத்தில் உட்கார்ந்திருந்த நோட்சு அம்மா என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அவர் எங்கள் தெருக்கோடி அரிசிக்கடை வீட்டு அம்மாள், அண்ணியின் பள்ளிக்கூடத் தோழி. முறையெல்லாம் அவருக்குப் பாதிதான் வரும். மிச்சமிருக்கும் இனிப்பைக் காகிதத்தில் மடித்து உடுப்பின் மடிப்புக்குள் வைத்துக்கொள்வார். எழுந்திருக்கும்போது, "எங்காலு ரெண்டும் இங்கயே இருக்கட்டும், நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்," என்பார். அன்றைக்கும் அதையே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

மறந்திருப்பார் என்று நினைத்தேன். அடுத்த முறையும் அதே கரண்டியை வைத்தேன். அடுத்த வருஷமும் வைத்தேன். யார் செய்தது என்பது வரைக்கும் வருவார், அங்கே நின்றுவிடுவார். ஒவ்வொரு தடவையும் நான் வாயில் பெயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அதை விழுங்கிவிட்டு எழுந்திருப்பேன். மற்றவர்கள் கரண்டியைக் கொண்டு வந்தால் அண்ணி பெயர் கேட்காமல் விட்டதே இல்லை. டாக்டர் மனைவி கடையில் வாங்கின கரண்டிக்குக்கூடக் கேட்டார். "ஆகா, 'முதல் பனி'யா? ஒங்க கை பட்டா உருகிடுமே," என்று கேலி வேறு. என் கரண்டிக்கு மட்டும் வாய் அடைத்துப் போகும்.

முதல் இடத்தில் வேறு யாரையாவது உட்கார வைக்கலாமே என்பீர்கள். முயன்றேன். "ரிட்சு அம்மா இருக்கும்போது நானா? என்னைய என்ன, ஊரு சிரிக்க வைக்கப் பாக்குறீங்களா?" என்று ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டு, நுழைகிற சின்னக் கதவுக்கு முன்னால் மழையில் நின்றார்கள். ஒருமுறை அண்ணிக்கு முட்டிவலி, வரவில்லை. கோயில் குருக்களின் மனைவி முதலில் உட்கார்ந்தார். அன்றைக்கு நான் அந்தக் கரண்டியை வைக்கவில்லை, வேறொன்றை வைத்தேன். அண்ணிதான் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அன்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தானே. கேட்க வேண்டிய கடமை அவருக்குத்தானே. இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் போனது. என் கணவர் போய்ச் சேர்ந்தார். அண்ணியின் கணவரும் போனார். எனக்கு இரவில் தூக்கம் வராமல் போனது, சாப்பிட்டால் செரிக்காமல் போனது. கரண்டியைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக் கடித்து, பக்கவாட்டில் ஒரு பல் உடைந்தே விட்டது. பல் டாக்டர் எதைக் கடித்தீர்கள் என்றார். என்ன சொல்ல? சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

இப்போது தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். தேநீர் அறையிலிருந்து வெளியே வந்தால் நடைகற்கள் இரண்டு வழியாகப் பிரியும். முன்வழி பாசி மெத்தை நடுவே நேராகத் தெரு வாசலுக்குப் போகும். பின்வழி மூங்கில் புதரையும் பிளம் மரத்தையும் சுற்றிக்கொண்டு பக்கவாட்டு வாசலுக்குப் போகும். எந்த வழியில் போகக் கூடாதோ, அந்த வழியின் முதல் நடைகல் மேல் ஒரு சிறிய கல்லை வைப்போம். கருப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய, கைக்குள் அடங்குகிற கல். காவல்கல் என்று பெயர். அதற்கு அதிகாரம் ஒன்றும் இல்லை, ஒரு பூனை காலால் தள்ளிவிடும். ஆனால் முறை தெரிந்தவர் யாரும் அதைத் தாண்ட மாட்டார். ஏன் என்றும் கேட்க மாட்டார். இன்றைக்கு இந்தப் பக்கம் வேண்டாம் என்று வீட்டுக்காரர் மரியாதையாகச் சொல்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் காவல்கல் எப்போதும் பின்வழியில்தான் இருக்கும். பிளம் மரத்துக்குப் பக்கத்தில் பழைய கிணறு ஒன்று இருந்தது. தரையோடு தரையாக அதன் வாய், அதன் மேல் பலகை, பலகையையும் நடைகல் மாதிரி மிதித்துப் போகும்படி அந்தக் காலத்தில் அமைத்திருந்தார்கள். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு கிணற்றை யாரும் சீந்தவில்லை. பலகை உளுத்துப் போனது. என் கணவர் கண்ணை மூடுவதற்கு முந்தின வருஷம் கனமான புதுப்பலகை போட்டார். அண்ணி அதன் மேல் ஏறி நின்று பார்த்து, "எந்தம்பி பேச மாட்டான், வேலையப் பாரு, யானை நின்னாத் தாங்கும். நானே நிக்கிறேன்ல," என்றார்.

அந்தப் புதுப்பலகை எனக்குப் பிடிக்கவில்லை. தோட்டம் முழுக்கப் பாசி படர்ந்து நிறம் மங்கிக் கிடக்கும்போது, அது மட்டும் வெளேரென்று கண்ணைக் குத்தியது. எங்கள் முறையில் பழையதற்குத்தான் மதிப்பு. அவர் போன பிறகு வந்த இலையுதிர் காலத்தில் அதை எடுத்துவிட்டு, கொட்டகையில் கிடந்த பழைய பலகையையே திரும்பப் போட்டேன். அழகாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லும்படி அதில் என்ன இருக்கிறது.

அதையடுத்து வந்த குழந்தையின் நினைவு நாளுக்கு அண்ணியை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன். வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

"ஒருத்திக்காகவா அடுப்பு மூட்டப் போற?" என்றார். "எம்முட்டிக்கு இதுதான் கடைசின்னு நெனச்சிட்டியா?"

"அப்படியெல்லாம் இல்ல அண்ணி. வாங்க."

வருகிறேன் என்று தலையை ஆட்டினார்.

அன்று மத்தியானம் பனி தூவிக்கொண்டிருந்தது. வந்தவர் முதலில் வீட்டுக்குள் போய்ப் புத்தர் மாடத்தின் முன் உட்கார்ந்தார். கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். சின்னச் சின்ன நட்சத்திரம் மாதிரி, கலர் கலராக இருக்கும் சர்க்கரை மிட்டாய். அவளுக்குப் பிடித்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இது நினைவிருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் பாருங்கள், அப்போதும் பெயரைச் சொல்லவில்லை. மிட்டாய் பேசுமா?

பிறகு முன்வழியாக நடந்து, கைகளை ஊன்றித் தவழ்ந்து அறைக்குள் போனார். விருந்தாளி உள்ளே போய்ச் சுவரில் தொங்கும் எழுத்துச் சுருளையும் அடுப்பையும் பார்த்துவிட்டு உட்காரக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த நேரத்தில் நான் பின்னறைக் கதவு வழியாக வெளியே வந்து, காவல்கல்லை எடுத்து முன்வழியில் வைத்தேன். எடை ஒன்றும் இல்லை, ஒரு இனிப்பு உருண்டையைத் தூக்குகிற மாதிரிதான்.

ஒன்றை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் பெயர் கேட்டால் நானே முன்னால் எழுந்துபோய்க் கல்லை எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவருக்கு நான் வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னால் தேநீர் கொடுத்ததில்லை. கெண்டியில் தண்ணீர் பைன் தோப்புக் காற்று மாதிரி இரைந்தது. நான் துணியை மடித்ததைப் பார்த்துவிட்டு, "மீன் வாசன போயிடுச்சு," என்றார். சிரித்தேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சினார். சிமிழையும் கரண்டியையும் பார்க்கக் கேட்டார். வைத்துவிட்டு உள்ளே போனேன். வழக்கத்தைவிட அதிக நேரம் கொடுத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

சிமிழைக் கேட்டார். கரண்டியை யார் செய்தது என்று கேட்டார், இத்தனை வருஷமாகத் தெரிந்திருந்தும். நான்தான் என்றேன். அவர் வாய் திறந்தது.

"கினு... இந்த மூங்கிலு..." என்றார். நான் காத்திருந்தேன். "நல்லா நெறம் ஏறிப் போச்சு."

கையை ஊன்றி வணங்கினார். நானும் வணங்கினேன். என் நெற்றி பாயில் பட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

அவர் வெளியே தவழ்ந்து இறங்கினார். நான் சின்னக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். இந்த இடத்தில் இருவரும் பேசக் கூடாது, வெறுமனே வணங்க வேண்டும். அவர் திரும்பி நின்று வணங்கினார். பிரியும் இடத்தில் கல்லைப் பார்த்தார். பிளம் பூத்திருப்பதைக் காட்டத்தான் இப்படி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். என்னைப் பார்த்து, பரவாயில்லையே என்பது மாதிரி ஒரு சிரிப்பு. பின்வழியில் திரும்பினார். நான் கதவைச் சாத்தினேன்.

பலகையின் சத்தம் பெரிதாக இல்லை. பனி சத்தத்தைக் குடித்துவிடும்.

விருந்தாளி போனதும் உடனே எழுந்து பாத்திரம் கழுவப் போகக் கூடாது. அடுப்புக்கு முன்னால் தனியாகத் திரும்ப வந்து உட்கார்ந்து, போனவரை நினைக்க வேண்டும். இன்று நடந்த சந்திப்பு இனி ஒருமுறை நடக்காது என்பதை மனத்தில் வைத்து, அசையாமல் இருக்க வேண்டும். எங்கள் முறையில் இதைவிடப் பெரிய மரியாதை இல்லை. நான் உட்கார்ந்தேன். அவரை நினைத்தேன். வேறெதையும் நினைக்கவில்லை.

முதலில் கினு என்று கூப்பிட்டார். பிறகு கினுகோ என்று முழுப் பெயரையும். அப்புறம் நிறுத்தி நிறுத்தி. கடைசியில் வேறு ஏதோ ஒரு பெயர் சொன்ன மாதிரி இருந்தது. கெண்டி இரைந்துகொண்டிருந்தது, சரியாகக் கேட்கவில்லை. தண்ணீர் அடங்கியபோது வெளியிலும் அடங்கியிருந்தது. நான் கரியின் மேல் சாம்பலை மூடினேன். வெளியே போய்க் காவல்கல்லை எடுத்து, அதன் இடத்தில், பின்வழியில் வைத்தேன். பனி தொடர்ந்து விழுந்தது. பிறகுதான் கிண்ணத்தைக் கழுவினேன்.

மறுநாள் அவர் மகன் தேடிக்கொண்டு வந்தான். தேநீர் முடிந்து கிளம்பிவிட்டாரே என்றேன். உண்மைதானே. கிணற்றில் இருந்தவரை மதியம் வெளியே எடுத்தார்கள். போலீஸ்காரர் வெளியூர்ப் பையன், அந்தக் கயிறு கட்டின கல் எதற்கு என்று கேட்டார். போகாதே என்று அர்த்தம் என்றேன். அப்படியானால் எச்சரிக்கை இருந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். வயசாகிவிட்டது, தடுமாறிவிட்டார் என்று ஊரில் பேசினார்கள். நோட்சு அம்மா மட்டும் சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"ரிட்சுவா? காவல்கல்லத் தாண்டுனாளா? வீடு பத்தி எரிஞ்சாலும் அந்தக் கல்லச் சுத்திக்கிட்டுப் போற பொம்பள அவ."

முறை தெரியாதவர் என்று அண்ணிக்குப் பெயர் வந்ததில் எனக்கும் வருத்தம்தான். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பனி உருகின பிறகு அண்ணியின் நினைவுக்காக ஒரு தேநீர் வைத்தேன். வைக்காவிட்டால் நன்றாக இருக்காது. முதல் இடத்தில் உட்கார யாரும் முன்வரவில்லை. நோட்சு அம்மா கடைசி இடத்திலிருந்து எழுந்து வந்து, "தள்ளுங்க, இன்னிக்கி நான் ஒக்காருறேன்," என்று உட்கார்ந்தார். நான் அந்தக் கரண்டியை வைத்தேன். சிமிழைக் கேட்டார், தப்பும் தவறுமாக. யார் செய்தது என்று கேட்டார். பிறகு என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"இதோட பேரு என்ன?"

இருபது வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. நான் வாயைத் திறந்தேன். பிறகு, இதற்குப் பெயர் இல்லை என்று சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு அவர் மட்டும் போகவில்லை. காலை நீட்டித் தேய்த்துக்கொண்டே பேசினார். அண்ணி ஒருமுறை அவரிடம் சொன்னாராம்: அந்தக் கரண்டியைப் பார்த்தால் என் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அன்றைக்கு உள்ளே போய்க் கினுவைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்த பாவி நான், எந்த வாயால் அந்தப் பெயரைக் கேட்பேன்? கேட்டால் அவள் சொல்லியாக வேண்டும். அத்தனை பேர் நடுவில் அவளைச் சொல்ல வைப்பதா? சொன்னால் உடைந்து போய்விடுவாள்.

"ஒவ்வொரு வருசமும் கேக்கணும்னுதான் போவா," என்றார் நோட்சு அம்மா. "வீட்டுக்கு வந்து அழுவா. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அவர் எழுந்து, தோட்டத்தில் பிரியும் இடத்தில் நின்று, காவல்கல்லை வெகுநேரம் பார்த்தார். என்னைப் பார்த்துப் பேசாமல் வணங்கினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவரும் போய்ப் பல வருஷம் ஆகிறது.

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வது எல்லா ஊரிலும் வழக்கம். கிணற்றில் விழ வைத்தது நான்தான். பலகையை மாற்றியதும் கல்லை நகர்த்தியதும் கூப்பிட்டபோது எழுந்திருக்காததும் நான்தான். அதை மறைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன். ஆனால் காரணம் அவருடையது. ஒரு கேள்வி, அவ்வளவுதானே. நோட்சு அம்மா கேட்டது வேறு. அவரிடம் எப்படிச் சொல்வது. அண்ணி கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன், குரல்கூட நடுங்கியிருக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெயரா? சொல்கிறேன், சொல்கிறேன். கிண்ணத்தை இப்படிக் கொடுங்கள், ஆறிவிட்டது, முதலில் இன்னொரு தடவை கடைந்து தருகிறேன். நேரமாகிறதென்றால் கிளம்புங்கள், பரவாயில்லை. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். வாசலில் நின்று உங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட குரல் முடிவதற்குள் அவர்கள் ஓடி வரட்டும்.